பழைய வண்டிகளும் பட்டறைத் தமிழும்

‘கார்’ என்னும் ஊர்திக்குத் தமிழில் ‘மகிழுந்து’ என்று பெயர் வைத்தோம். வகுப்பறையில் இச்சொல்லை உரைத்தவுடன் மாணவர் சிலர் வாய்க்குள் நகைக்கின்றனர். நகைக்குமுன் தம் பாட்டனாரை ஒருமுறை கேட்டிருக்கலாம். கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் முந்தைய தலைமுறையினர் காரைப் ‘பிளசர்’ என்றே வழங்கினர். ‘மில்லுக்காரர் வீட்டுப் பிளசர் வருது, ஒதுங்கு’ என்பது அக்காலத்துத் தெருப்பேச்சு. சரக்கு வண்டியினின்றும் பேருந்தினின்றும் பிரித்தறிவதற்காக ‘இன்பச் செலவுக்குரிய கார்’ என்று வெள்ளையர் சொன்ன தொடரின் முற்பகுதி அது. மகிழுந்து என்பது அதன் தமிழாக்கம் எனக் கொள்ள இடமுண்டு. புலவர்கள் அறைக்குள் அமர்ந்து ஆக்கிய சொல் என்று நாம் எண்ணியிருந்த ஒன்றுக்கு ஊர்வாய்ப் பேச்சில் வேர் இருந்திருக்கிறது.

இந்த வேரை நமக்குக் காட்டியது நூலகமன்று. ஊத்துக்குளியில் உள்ள ஒரு கார்ப் பட்டறை. தமிழ்த்துறை மலரில் பட்டறைக்கு என்ன வேலை என்று வினவுவார் வினவட்டும். பழைய கார்களைப் பேணுவதற்கு இன்று செல்வரும் உளர், சட்டமும் உண்டு, அருங்காட்சியகமும் உண்டு. அவற்றைப் பழுது நீக்கி ஓடச் செய்யும் கைகளின் அறிவைப் பேணுவதற்கு எவரும் இலர். அவ்வறிவு ஏட்டில் இல்லை. முதியோர் சிலரின் பேச்சில் இருக்கிறது. பேச்சில் இருப்பதைத் தொகுப்பது தமிழ்த்துறையின் வேலையேயன்றிப் பொறியியல் துறையின் வேலையன்று என்பது நம் கருத்து.

ஊத்துக்குளியை வெண்ணெயால் அறிவர் பலர். கதித்தமலை முருகன் கோயிலால் அறிவர் சிலர். ஈரோட்டிலிருந்து திருப்பூருக்குத் தொடர்வண்டியில் செல்வோர் அந்நிலையத்தின் பெயர்ப்பலகையையேனும் கண்டிருப்பர். நாம் சொல்லும் பட்டறை ஊருக்குப் புறத்தே, ஒரு வேப்பமரத்தையும் கல்நார்க் கூரையையும் நம்பி நிற்பது. பெயர்ப்பலகை இல்லை. எழுபது வயதை எட்டிய மேஸ்திரி ஒருவரும், அவருக்குத் தங்கை மகன் முறையாகும் உதவியாளர் ஒருவரும் அங்கே இருக்கின்றனர். பின்னலாடை ஏற்றுமதியில் பொருளீட்டிய திருப்பூரார், தம் தந்தையர் வைத்திருந்த கார் எங்கோ ஒரு மாட்டுக் கொட்டகையில் கிடப்பதை நினைவுகூர்ந்து தேடிப்பிடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு இங்கு வருகின்றனர். அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மாரிஸ் மைனர் என அம்மரத்தடியில் நாம் கண்டவை பல.

இத்தகைய பட்டறை இப்பக்கத்தில் அமைந்தது தற்செயலன்று. மின்விசையால் இயங்கும் மோட்டாரை இந்நாட்டவரே முதன்முதலில் செய்தது 1937-இல், கோயம்புத்தூரில். ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அதனைச் செய்தனர். அதன்பின் வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் தெருத்தெருவாக எழுந்தன. சீமையிலிருந்து வரவேண்டிய உதிரிப்பொருள் வாராதபோது, அதைக் கையில் வாங்கிப் பார்த்து, ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லக்கூடிய கடைசல்காரர் இருபது கல் தொலைவுக்குள் எங்கேனும் இருப்பார். மில் இயந்திரங்களுக்காகத் தோன்றிய அந்தத் திறன் கார்களுக்கும் கைகொடுத்தது.

ஜி. டி. நாயுடுவை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1893-இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இளமையில் ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் அதை ஓட்டித் திரிந்தாரில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிப் பரப்பினார், மீண்டும் பூட்டினார். பள்ளியில் நிலைகொள்ளாத அவர் கற்ற பாடம் அதுதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் தொழில் தொடங்கி, அதனைப் பெரும் நிறுவனமாக வளர்த்தார். 1945-இல் கோவையில் பொறியியல் கல்லூரி தோன்றக் காரணமாகி, அதன் முதல்வராகவும் இருந்தார். நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டிலேயே கற்பித்துவிடலாம் என்ற தம் கருத்தை அன்றைய அரசு ஏற்காததால் அப்பொறுப்பிலிருந்து விலகினார். அவர் குடும்பத்தார் 2015-இல் கோவை அவிநாசி சாலையில் திறந்த கார் அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் சென்றிருக்கிறோம். 1886-இல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியின் மறுபடிவம் தொடங்கிப் பல நாட்டு வண்டிகள் அங்கே துடைத்து மின்ன நிற்கின்றன. போற்றத்தக்க பணி. ஆயினும் வெளியே வந்தபோது மாணவர் ஒருவர் கேட்டார்: ‘ஐயா, இதையெல்லாம் ரிப்பேர் பண்ணினது யாருங்க?’ அவ்வினாவே நம்மை ஊத்துக்குளிப் பட்டறைக்கு அடிக்கடி போகச் செய்தது எனலாம்.

அங்கே நாம் கண்டவற்றுள் சிலவற்றைச் சொல்வோம்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்த கார் ஒன்று வந்தது. எஞ்சின் சுற்றவில்லை, உள்ளே பிஸ்டன்கள் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டன. மேஸ்திரி பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே டீசலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி, ‘பதினஞ்சு நாள் ஊறட்டுங்க’ என்றார். உடையவர் அவசரக்காரர். ஐந்தாம் நாளே வண்டியை வேறிடத்திற்குக் கொண்டுசென்று, டிராக்டரில் கட்டி இழுத்துக் கிளப்ப முயன்றார். ஒரு ‘கனெக்டிங் ராடு’ வளைந்து, பிஸ்டன் உடைந்து, வண்டி மறுபடியும் வேப்பமரத்தடிக்கே வந்தது. மேஸ்திரி ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. ‘இப்ப மூணு மாசம் ஆகுமுங்க’ என்றார், அவ்வளவே. நமக்கு ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஓலைகளை வலிந்து பிரித்தால் எழுத்தோடு பிய்ந்துவரும். எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தடவி, பொறுத்திருந்து பிரிப்பவரே சுவடியறிந்தவர்.

இன்னொன்று. பழைய ஆங்கிலக் கார் ஒன்றை நன்கு செப்பனிட்டு வாங்கிச் சென்றவர், வீட்டில் தம் மருமகனைக் கொண்டு அதில் புதிய பாட்டுப்பெட்டி ஒன்றைப் பொருத்தினார். இணைத்த நொடியில் புகை வந்தது, பெட்டி கருகியது. செய்தி கேட்ட மேஸ்திரி சிரித்துவிட்டார். இன்றைய வண்டிகளில் மின்கலத்தின் எதிர்முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு சேர்ந்திருக்கும். ‘அந்த வண்டிக்குப் பாசிட்டிவ்தானுங்க எர்த்து. அது தெரியாமக் கை வெச்சா அது கோவிச்சுக்கும்’ என்றார். இதனைக் கற்க அவருக்கு நூல் இருந்ததில்லை. பன்னிரண்டாம் வயதில் கோவைப் பட்டறையொன்றில் எடுபிடியாகச் சேர்ந்தபோது, அவருடைய மேஸ்திரி தலையில் குட்டிச் சொல்லித் தந்ததாம்.

அவருடைய கருவிகள் எளியவை. ஓடும் எஞ்சினின் மீது நீண்ட திருப்புளியின் முனையை வைத்து, அதன் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். எந்த வால்வு தட்டுகிறது, எந்தத் தாங்கி தேய்ந்தது என்பதைச் சொல்லிவிடுவார். பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே விடவேண்டிய இடைவெளியை ஹேக்சா பிளேடின் தடிப்பால் அளப்பார். அப்பிளேடின் தடிப்பு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு. அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினுக்கு வேண்டிய இடைவெளியும் ஏறத்தாழ அதுவே. இப்பொருத்தத்தை முதலில் கண்டவன் பெயர் தெரியாத ஏதோ ஓர் எடுபிடியாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வண்டி திடீரென நின்றுபோனால், எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டது என்பதை உணர்ந்து, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவைப்பார். எம் அத்தாவோடு சிறுவயதில் ஒரு பழைய காரில் பயணம் போனபோதெல்லாம் இருக்கைக்கடியில் ஒரு கோணித்துண்டும் சொம்புத் தண்ணீரும் இருந்ததன் காரணம் நமக்கு அப்போதுதான் விளங்கியது.

பட்டறையின் சொற்களுக்கு வருவோம். முதன்முறை அங்கே சென்றபோது மேஸ்திரி உதவியாளரிடம் சொன்ன ஒரு தொடர் நம்மைத் தடுத்து நிறுத்தியது. ‘கதவு ஒரு நூல் இறங்கியிருக்குது பாரு.’ நூலா? கேட்டபோது, ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ‘நூல்’ என்றார். தச்சரும் கொத்தரும் வழங்கும் அளவே அது. திருப்பூர் வட்டாரமோ நூலால் வாழும் வட்டாரம். பனியன் தைப்பவருக்கு நூல் பஞ்சிலிருந்து வருவது. நமக்கோ நூல் என்றால் நன்னூல். அதன் ஆசிரியராகிய பவணந்தி முனிவரை, ஊத்துக்குளிக்கு அணித்தே பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்தோடு தொடர்புபடுத்துவோரும் உளர். அவர் நூலுக்கு இலக்கணம் கூறுமிடத்தில், பஞ்சிலிருந்து இழை நூற்பதை ஓர் உவமையாகவும், மரத்தின் கோணலைக் காட்டித் திருத்தும் தச்சனின் நூலை இன்னோர் உவமையாகவும் ஆள்கிறார். இரண்டாம் உவமையை நாம் இருபதாண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறோம். அதை உயிரோடு கண்ணெதிரே கண்டது, இறங்கிய கார்க்கதவைத் தூக்கிப் பொருத்தும் ஒரு கிழவரின் கையில்தான்.

பட்டறைச் சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலந்தானே, அவற்றைத் தொகுத்து யாது பயன் என்பர் தூய தமிழன்பர். அவர்தம் உணர்வை மதிக்கிறோம், முடிவை ஏற்கிலோம். மாற்றுச் சக்கரத்தை நம்மவர் ‘ஸ்டெப்னி’ என்கின்றனர். இது வேல்ஸ் நாட்டு லனெத்லி என்னும் ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். கார்களுக்கு மாற்றுச் சக்கரம் என்பதே இல்லாத காலத்தில், 1904-இல், அத்தெருவில் ஒரு வகைத் துணைச்சக்கரத்தைச் செய்து விற்றனர். இன்று பிரித்தானியரிடம் ‘ஸ்டெப்னி’ என்று சொன்னால் பெரும்பாலோர் விழிப்பர். ஊத்துக்குளியில் எட்டு வயதுச் சிறுவனும் அறிவான். வண்டியின் பின்பெட்டியை ‘டிக்கி’ என்கிறோம். பழங்காலக் கார்களின் பின்புறத்தில் மடக்கித் திறக்கும் திறந்தவெளி இருக்கையின் பெயர் அது. இருக்கை போய்ப் பெட்டி வந்தபின்னும் பெயர் நின்றது. ‘ரெக்சின்’ என்பது ஓர் ஆங்கில நிறுவனத்தின் வணிகப்பெயர். எஞ்சினில் பொறி உண்டாக்கத் தொட்டுத்தொட்டு விலகும் சிறு முனைகளை மேஸ்திரி ‘பிளாட்டினம்’ என்பார். அவற்றில் இன்று பிளாட்டினம் இல்லை, டங்ஸ்டன்தான் உண்டு. முற்காலத்தில் பிளாட்டினம் இருந்தது என்னும் வரலாறு அச்சொல்லுக்குள் மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘மேஸ்திரி’ என்ற சொல்லே போர்த்துக்கீசியர் தந்தது. எம் மதரஸாவில் ஆசிரியரை ‘உஸ்தாத்’ என்று அழைத்தோம். வடநாட்டுக் கார்ப் பட்டறைகளிலும் பழகுநர் தம் தலைவரை அவ்வாறே அழைப்பர். ஓதுவிப்பவருக்கும் திருப்புளி பிடிக்கக் கற்பிப்பவருக்கும் ஒரே சொல் என்பது எமக்கு மிகவும் பிடித்த செய்தி.

இவற்றோடு கலந்து நல்ல தமிழும் அங்கே புழங்குகிறது. எஞ்சின் ‘திணறுது’, ‘இருமுது’, ‘பொருமுது’ என்பவை வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்குப் பெட்ரோல் போதாமை, ஒன்றுக்குப் பொறி தப்புதல், ஒன்றுக்குக் காற்று போதாமை என்று மேஸ்திரி பகுத்துச் சொல்வார். நாம் இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று குறித்துக்கொண்டபோது அவர் உடன்படவில்லை. ‘ஒண்ணுக்கொண்ணு வேறங்க தமிழய்யா. மாத்திச் சொன்னா மருந்து மாறிப்போயிரும்’ என்றார்.

பழைய வண்டியைச் செப்பனிடுவோரிடையே ஒரு பெரிய வழக்கு உண்டு. வண்டியைப் புதிதினும் புதிதாக மின்னச் செய்வதா, அன்றி இருந்தபடியே காப்பதா? பழைய ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012-இல் ‘துரின் சாசனம்’ என்ற ஒன்றை ஏற்றது. கட்டடங்களைக் காப்பது பற்றி 1964-இல் வெனிசில் உருவான சாசனத்தைப் பின்பற்றியது அது. கூடுமானவரை உள்ளதைக் காத்திடுக, இன்றியமையாதபோதே மாற்றுக, மாற்றியது எது என்பது பின்வருவோர்க்குத் தெரியும்படி செய்க என்பது அதன் சாரம். மூலபாட ஆய்வு பயின்றோர்க்கு இது புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் சிதைந்துபோன இடங்களைத் தம் புலமையால் இட்டு நிரப்பாமல் சிதைவைச் சிதைவாகவே காட்டினார். அவரால் எழுதி நிரப்ப இயலாதா? இயலும். நிரப்பியிருந்தால் எது புலவர் வாக்கு, எது பதிப்பாசிரியர் வாக்கு என்பதை நாம் எக்காலத்தும் அறிந்திருக்க மாட்டோம்.

நம் மேஸ்திரி துரினையும் அறியார், புறநானூற்றுப் பதிப்பையும் அறியார். ஆனால் கிடைக்காத உறுப்பு ஒன்றைக் கடைசலில் புதிதாகச் செய்து பூட்டும்போது, வெளியே தெரியாத உட்பக்கத்தில் ஆணியால் மூன்று புள்ளிகள் குத்திவைக்கிறார். ஏன் என்று கேட்டோம். ‘எனக்கப்புறம் இதைக் கழட்டுறவன் இது கம்பெனி சாமான்னு நெனச்சு அளவெடுத்துருவானுங்க. இது நான் செஞ்சதுன்னு அவனுக்குத் தெரியோணுமில்ல?’ பதிப்பு நெறியை இதனினும் சுருக்கமாக நம் முதுகலை வகுப்பில் எவரும் விளக்கியதில்லை.

ஒரு ஹெரால்டு கார் வந்த கதை இவ்வழக்கோடு சேர்ந்தது. 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட கார் அது. முன்பக்கத்து மூடி இருபுறச் சக்கரக் காப்புகளோடும் ஒன்றாக முன்னோக்கித் திறப்பதால், டயரின் மேல் அமர்ந்தே எஞ்சினைப் பழுது பார்க்கலாம் என்று மேஸ்திரிக்கு அதன்மேல் தனி அன்பு. கொண்டுவந்தவர் ஓர் இளைஞர். தம் அப்பத்தாவுக்கு வியப்பூட்ட வேண்டும். நெளிவு சுளிவு ஒன்றும் தெரியாமல் சிவப்பு வண்ணமடித்துத் தருக என்றார். ‘அப்பத்தாகிட்டக் கேட்டீங்களா?’ என்றார் மேஸ்திரி. வியப்பூட்டுவதற்கு எவரேனும் கேட்பார்களா என்று இளைஞருக்குச் சினம். எனினும் மறுவாரம் அந்த அம்மையாரை அழைத்து வந்தார். அவர் வண்டியைச் சுற்றிவந்து, இடப்பக்கக் கதவில் உள்ள ஒரு குழிவைத் தடவிப் பார்த்து, அது சந்தைநாளில் எருமை முட்டியது என்றும், அன்று தம் கணவர் எருமைக்காரனுக்கே இரண்டு ரூபாய் கொடுத்து அனுப்பினார் என்றும் சொல்லிச் சிரித்தார். மற்ற நெளிவுகளெல்லாம் தட்டி நீக்கப்பட்டன. அக்குழிவு மட்டும் இருக்கிறது. வண்ணம் பழைய வெண்சாம்பலே. இளைஞருக்கு இன்றும் அரைமனம்தான் என்று கேள்வி.

இதனால் மேஸ்திரி பழமையெல்லாம் பொன் என்பவர் என்று எண்ணிவிட வேண்டா. சென்னையிலிருந்து வந்த ஆர்வலர் ஒருவர், தம் வண்டியின் பிரேக் குழாய்கள்கூடத் தொழிற்சாலையில் பூட்டியவை, அவற்றை மாற்றக்கூடாது என்று வாதிட்டார். அவர் கூறிய மேலைநாட்டுக் கொள்கைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்ட மேஸ்திரி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘பிரேக்குல பழமை ஆகாதுங்க. ரோட்டுல போறவன் பழசா புதுசான்னு பார்த்தா குறுக்க வாரான்?’ காலந்தோறும் பழையவை நீங்குவதும் புதியவை சேர்வதும் குற்றமன்று என்பதே நன்னூலார் கருத்தும். எது நீங்கலாம், எது நீங்கலாகாது என்பதை அறிவதிலேதான் புலமை இருக்கிறது.

சட்டம் சொல்வதையும் பார்ப்போம். நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 சூலையில் ‘விண்டேஜ்’ ஊர்திகளுக்கென விதி வகுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூலவடிவம் மாறாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் இதில் அடங்கும். பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப்பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஆய்வுக்கும் எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் சாலையில் ஓட்டலாம், நாள்தோறும் ஓட்டலாகாது. அதே ஆண்டு ஆகஸ்டில், தகுதியிழந்த பழைய ஊர்திகளைக் கழிக்கும் கொள்கையும் தொடங்கப்பெற்றது. கழிக்கத்தக்கதையும் காக்கத்தக்கதையும் அரசு பிரித்துப் பார்த்தது நன்று. ஆயின் ‘மூலவடிவம்’ என்று விதி எழுதியவர், அம்மூலவடிவம் எது என்பதை எவரைக் கேட்டறிவது என்று எண்ணிப் பார்த்தனரா என்பது ஐயமே. அம்பாசிடர் 1950-களின் இறுதியில் வந்து, வங்கத்து உத்தரபாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை எத்தனையோ மாற்றங்களைக் கண்டது. எந்த ஆண்டு வண்டிக்கு எந்த விளக்கு, எந்தப் பூட்டு என்பதை வாய்ப்பாடாகச் சொல்லக்கூடியவர் வேப்பமரத்தடியில் இருக்கிறார். அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை.

எரிபொருளும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய இயற்கை ரப்பர் உறுப்புகளை அரிக்கும். மேஸ்திரி இப்போது பம்பின் சவ்வையும் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றிவருகிறார். தாமே செய்துபார்த்துக் கண்ட சில நுணுக்கங்களை ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் கரிக்கோலால் எழுதியும் வைத்திருக்கிறார். அந்நாட்காட்டி எண்ணெய்க் கறையால் பாதி மறைந்திருப்பதை நாம் கண்டோம்.

கியூபாவைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். 1959 புரட்சிக்குப்பின் அமெரிக்காவிலிருந்து காரும் உதிரிப்பொருளும் வருவது நின்றபோது, இருந்த வண்டிகளையே பல பத்தாண்டுகள் ஓட்டிக்காட்டினர் அந்நாட்டு மெக்கானிக்குகள். சுற்றுலா செல்வோர் அவ்வண்டிகளைப் படமெடுத்து வருகின்றனர்; செப்பனிட்டவரைப் படமெடுத்து வருவோர் குறைவு. மும்பையில் 2023 அக்டோபரில் பத்மினி வாடகைக் கார்கள் விடைபெற்றபோதும் செய்தித்தாள்கள் வண்டிக்காகவே கண்ணீர் வடித்தன.

நம் பட்டறையில் இன்று பழகுநர் எவரும் இலர். தங்கை மகனுக்கும் நாற்பது கடந்துவிட்டது. ஊர்ப் பையன்கள் பனியன் கம்பெனிக்குப் போனால் சனிக்கிழமைதோறும் கூலி கிடைக்கும். இங்கே முதல் மூன்று ஆண்டு தேநீரும் திட்டும்தான் என்பது பழைய நடைமுறை. அது நல்ல நடைமுறையென்று நாம் வாதிட மாட்டோம். தலையில் குட்டிக் கற்பித்த காலம் போனது நன்றே. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் நன்றே. ஆனால் குட்டோடு சேர்ந்து பாடமும் போகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் ஊர்திப் பிரிவில் ஈராண்டு கற்பிக்கின்றனர். அங்கே கற்பிக்க வேண்டியது இன்றைய வண்டிகளையே. அவர்களைக் குறைகூற இயலாது.

ஆகவேதான் தமிழ்த்துறையைப் பார்த்துக் கேட்கிறோம். கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தந்தார். உழவும் வீடும் உறவும் அவற்றால் ஓரளவு பதிவாயின. அறிவியற் சொற்களுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர் மணவை முஸ்தபா. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கியவர், 2017-இல் மறைந்தார். அவர் பணி நூலறிவைத் தமிழுக்குக் கொணர்ந்தது. கையறிவை நூலுக்குக் கொணரும் பணி மிச்சமிருக்கிறது. நம் ஆய்வு மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே புதினத்தில் ‘பெண் பாத்திரங்கள்’, ‘சமுதாயச் சிக்கல்கள்’ என்று ஆய்வேடு எழுதி அடுக்குகின்றனர். அவற்றுள் ஒன்றிரண்டேனும் கார்ப் பட்டறை, கடைசல் பட்டறை, பின்னல் இயந்திரம் பழுது பார்க்கும் கூடம் என்று போகட்டும். சொல், அதன் பொருள், யார் வாயில் கேட்டது, எந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது கேட்டது என்று குறித்துவரட்டும். ஒலிப்பதிவுக்கு இன்று ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் கருவி இருக்கிறது. மேற்பார்வையிட நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

செல்ல விரும்பும் மாணவர்க்குச் சில குறிப்புகள். வாரநாள்களில் சுத்தியல் ஓசையில் ஒன்றும் பதிவாகாது. ஞாயிறு பிற்பகல் மேஸ்திரி ஓய்வாக இருப்பார். தேநீரை மறுக்க வேண்டா. ‘இதற்குத் தமிழில் என்ன?’ என்று கேட்டால் அவர் தயங்கிப் புத்தகச் சொல்லைத் தேடுவார்; ‘இது என்னங்க?’ என்று மட்டும் கேளுங்கள். நாட்காட்டியின் பின்புறத்தை முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை அணிந்து போகாதீர்கள்.